கையெழுத்து கார்டு வாங்கும் முன்: நீல மை, கருப்பு மை, அப்புறம் அந்த "ஆர்.பி."

கேள்வி: கடலூர் ஓ.டி.யிலிருந்து (ஓல்டு டவுன்) ஒரு தம்பி, ஜூன் 8

டெண்டுல்கர் கையெழுத்து போட்ட கிரிக்கெட் கார்டு ஒன்று 2,500 ரூபாய்க்கு வருகிறது. விற்பவர் பாண்டிக்காரர். விவரத்தின் கடைசியில் "ஆட்டோ ஆர்.பி." என்று இருக்கிறது. கேட்டால் "அது கம்பெனி கோடு, கண்டுக்காதீங்க" என்கிறார். நீல மையில் அழகாக இருக்கிறது, எனக்கு அசலாகத்தான் தெரிகிறது. வாங்கலாமா? அசல், நகல் எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே?

ஜூன் 8, இரவு

வாங்காதீங்க. ஆட்டோ என்றால் ஆட்டோகிராஃப், ஆர்.பி. என்றால் ரீபிரிண்ட். கையெழுத்தோடு சேர்த்து மறுபடி அச்சடித்தது என்று அர்த்தம். கம்பெனி கோடு எல்லாம் இல்லை.

ரீபிரிண்ட் விற்பது தப்பில்லை. சுவரில் மாட்ட, பையனுக்குப் பிறந்தநாள் பரிசு தர, நூறு ரூபாய்க்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஆள் "ஆர்.பி." என்று சொல்லித்தான் விற்பார். அவரிடம் வாங்கியவர் அடுத்தவருக்கு விற்கும்போது அந்த இரண்டு எழுத்து தேய்ந்துவிடும். இங்கே இன்னும் தேயவில்லை. உங்கள் அதிர்ஷ்டம்.

ஜூன் 9, காலை

நேற்று அவசரத்தில் எழுதினேன். "எப்படிக் கண்டுபிடிப்பது" என்ற பாதிக்குப் பதில் சொல்லவில்லை.

நான் முதலியார்பேட்டையில் ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், சினிமா வால்போஸ்டர் என்று எல்லாம் ஓட்டியிருக்கிறோம். கார்டு சேர்க்கும் பழக்கம் பிறகு வந்தது. அதனால் கார்டை எடுத்தால் எனக்கு முதலில் ஆட்டக்காரர் முகம் தெரியாது, அச்சுதான் தெரியும்.

நாலு கலர் அச்சில் இருப்பது சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. அவ்வளவுதான். நீலம் என்று தனியாக ஒரு மை கிடையாது. பேனா நீலம் வேண்டுமென்றால் சியான் புள்ளியும் மெஜந்தா புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் விழ வேண்டும். கண்ணுக்கு அது நீலமாகத் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் குட்டு வெளிப்படும்: கோலத்துக்கு வைத்த மாதிரி வரிசையாகப் புள்ளிகள், கோட்டின் ஓரம் ரம்பம் போல.

கையால் போட்ட நீலக் கோட்டில் புள்ளி இருக்காது. மை ஒரே ஓட்டமாக இருக்கும். அடியில் முகமோ சட்டையோ அச்சான புள்ளிகள் இருக்கும், அதன் மேல் மை படுத்திருக்கும். கோடு கோட்டை வெட்டும் இடத்தைத் தேடுங்கள். மார்க்கர் என்றால் அங்கே கறுத்திருக்கும். பேனா ஊன்றிய இடத்தில் சின்னதாக மை தேங்கியிருக்கும், இழுத்து விட்ட இடத்தில் மெலிந்து போயிருக்கும். பால்பாயிண்ட் என்றால் பள்ளம் விழும். கார்டைச் சாய்த்து டியூப் லைட்டில் பார்த்தால் தெரியும்.

லென்ஸுக்குப் பெரிய செலவில்லை. வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுவாரே, அது போதும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான்களோடு சில சமயம் கிடக்கும்.

ஜூன் 9, மாலை

எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாமி, வேண்டாம். ஸ்பிரிட், நெயில்பாலிஷ் ரிமூவர், அழிரப்பர் எதுவும் வேண்டாம். மார்க்கர் மை ஸ்பிரிட்டில் கரையும்தான். கரைந்த பிறகு "ஆமாம், அசல்தான் இருந்தது" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூன் 11

புள்ளி விஷயத்தில் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் யாராவது லென்ஸை வாங்கிக்கொண்டு நேராகப் பள்ளத்தில் விழுவார்கள்.

"புள்ளி இருந்தால் அச்சு" சரி. "புள்ளி இல்லாவிட்டால் கையெழுத்து" தவறு.

கருப்பு, நாலு மைகளில் ஒன்று. கருப்புக் கையெழுத்தைத் தனியாகக் கருப்பு பிளேட்டில் சாலிடாக, அதாவது புள்ளியாகப் பிரிக்காமல், ஏற்றினால் ஒரு புள்ளிகூட இருக்காது. புத்தகத்தில் எழுத்து அச்சாவது அப்படித்தான். இதை ஏமாற்று என்றும் சொல்ல முடியாது, கம்பெனிகளே செய்திருக்கின்றன. அமெரிக்க டாப்ஸ் கம்பெனி 1952, 1975, 1977 பேஸ்பால் கார்டுகளில் ஆட்டக்காரர் கையெழுத்தை முன்பக்கமே அச்சடித்து விட்டது. அப்படி ஒன்றைக் கொண்டுவந்து "கையெழுத்து போட்டது சார், பழசு" என்பார்கள். கார்டு அசல், பழசும் உண்மை, கையெழுத்து மட்டும் அச்சு. கார்டைப் பற்றிச் சொல்வது எல்லாம் உண்மையாக இருப்பதால் சந்தேகமே வராது.

கலர் லேப் போட்டோ பிரிண்ட் இன்னொரு வகை. அதில் ஆஃப்செட் புள்ளியே கிடையாது. முகத்திலும் இல்லை, கையெழுத்திலும் இல்லை. இங்க்ஜெட் என்றால் வரிசையில்லாமல் தூவியது போல இருக்கும். லேசர் பிரிண்டர் என்றால் கோட்டைச் சுற்றி மாவு தூசி.

புள்ளி கைவிட்டால் பளபளப்பைப் பாருங்கள். கார்டைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் வழுக்கிப் போகிற மாதிரி சாயுங்கள். கையெழுத்து கோட்டிங்குக்கு (கார்டின் மேல் பூசும் பளபளப்பு) மேலே இருந்தால் வெளிச்சம் அந்தக் கோட்டில் தட்டும், பளபளப்பு அங்கே மாறும். கோட்டிங்குக்கு அடியில் இருந்தால் ஒரே வழுவழுப்பாகப் போய்விடும்.

எல்லாவற்றையும் விட எளிது, காசு செலவில்லாதது: அதே கார்டின் இன்னொரு பிரதியை இணையத்தில் தேடிப் பாருங்கள். கையெழுத்து அதே இடத்தில், அதே சாய்வில் இருந்தால் அச்சு. மனிதக் கை ஒரே கையெழுத்தை அச்சுப் பிசகாமல் மறுபடி போடாது. கனரா பேங்க்கில் என் கையெழுத்தே எனக்கு ஒத்துப்போவதில்லை.

ஜூன் 12

தம்பி அந்த கார்டின் படங்களை அனுப்பியிருக்கிறார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் பாதி, விற்பவரின் கட்டைவிரல் முழுசு. இதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

கேட்க வேண்டிய படங்கள்: கையெழுத்து மட்டும் கிட்டத்தில், பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே எடுத்து, சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில், முழுப் பின்பக்கம், ஓரம், அதாவது கனம் தெரிகிற மாதிரி. வழக்கமான கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். நகல் அடிப்பவர்கள் வெட்டும்போது ஒரு நூல் முன்னே பின்னே போகும். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் அடித்து லேமினேட் பண்ணியது ஓரத்தில் தெரிந்துவிடும், பிளாஸ்டிக் தோல் லேசாகப் பிரிந்து நிற்கும்.

"உறையிலிருந்து எடுத்தால் மதிப்பு போயிடும்" என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 14

லாஸ்பேட்டைக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்கிறார்: "என்னிடம் இருக்கும் கால்பந்து கார்டில் கையெழுத்து ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது. அதை ஒட்டியிருக்கிறார்கள். அப்போ டுபாக்கூரா?"

இல்லை சார், அது சரியானதாகவே இருக்கலாம். கம்பெனிகள் ஆட்டக்காரரிடம் கார்டையே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவதும் உண்டு. ஒளி ஊடுருவும் ஸ்டிக்கர் தாள்களில் மொத்தமாக வாங்கி வந்து, பிறகு கார்டில் ஒட்டுவதும் உண்டு. சேர்ப்பவர்களுக்கு முதல் வகைதான் பிடிக்கும், விலையும் அதற்குத்தான். ஸ்டிக்கரில் பேனா கடைசியில் ஸ்டிக்கர் ஓரத்தைத் தாண்டி வெட்டுப்பட்டிருந்தால் பயப்பட வேண்டாம், கையாலே போட்டதிலும் அப்படி நடக்கும்.

கடையில் விற்கும் கார்டு பாக்கெட்டில் கையெழுத்து கார்டைக் கலந்து விடும் வழக்கத்தை 1990-ல் அப்பர் டெக் கம்பெனி தொடங்கி வைத்தது. ரெஜி ஜாக்சன் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர், 2,500 கார்டு, எண் போட்டு. அதற்குப் பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இப்படிக் கம்பெனியே தரும் கார்டின் பின்பக்கத்தில் "இந்தக் கையெழுத்து எங்கள் உத்தரவாதம்" என்கிற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். கார்டு எண்ணும் பெரும்பாலும் சாதாரண கார்டின் எண்ணிலிருந்து வேறாக இருக்கும்.

மோசடி இங்கேதான் நுழைகிறது. சாதாரண கார்டை வாங்கி, முன்பக்கம் மார்க்கரால் தானே எழுதிவிடுவார்கள். லென்ஸ் இதில் தோற்றுவிடும், ஏனென்றால் மை உண்மையான மை. லென்ஸ் "கையால் எழுதியது" என்று மட்டும்தான் சொல்லும். யார் கை என்று சொல்லாது. அதற்குப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். நம் ஆட்கள் பின்பக்கத்தைப் படிப்பதே இல்லை.

ஜூன் 15

"சர்டிஃபிகேட் தருகிறார்களே?"

நான் பிரஸ்காரன் என்று மறந்துவிட்டீர்கள். தங்க பார்டர், எம்போஸ் முத்திரை, ஹாலோகிராம் ஸ்டிக்கர், வரிசை எண். ஆர்டர் கொடுங்கள், நாளைக்குச் சாயங்காலம் ரெடி.

அமெரிக்காவில் 1990-களில் எஃப்பிஐ "ஆபரேஷன் புல்பென்" என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தது. கைப்பற்றிய சரக்கில் அன்னை தெரசா கையெழுத்து போட்ட பேஸ்பால்களும் இருந்தன. கொல்கத்தாவில் இருந்த அம்மா பேஸ்பாலில் எப்போது கையெழுத்து போட்டார் என்று வாங்கியவர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போலிகளோடு சர்டிஃபிகேட்டும் போயிருக்கிறது.

விற்பவர் தானே கொடுக்கும் சர்டிஃபிகேட்டுக்கு என் கணக்கில் மதிப்பு பூஜ்யம். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற வெளி நிறுவனங்கள் பார்த்துச் சொன்னது வேறு. அவர்கள் தரும் எண்ணை அவர்கள் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். அங்கேயும் எண் வந்தவுடன் குதிக்காதீர்கள். அவர்கள் கார்டை மூடித் தரும் பிளாஸ்டிக் டப்பாவைப் போல ஒன்று செய்து, உண்மையான எண்ணை அதில் போட்டு விற்பதும் நடக்கிறது. தளத்தில் படம் இருந்தால் கையெழுத்தின் வளைவை உங்கள் கையிலிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

ஜூன் 18

பேனாவுக்கும் வயது உண்டு. இதை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்தது 1940-களில். ஷார்ப்பி மார்க்கர் 1964. பழைய கிரிக்கெட் ஆட்டக்காரர், நவாநகர் மகாராஜா ரஞ்சித்சிங்ஜி இறந்தது 1933. ரஞ்சி கையெழுத்து பால்பாயிண்டில் இருந்தால் லென்ஸ் எதற்கு, பஞ்சாங்கம் போதும். சென்ற வருடம் ஒரு விற்பனைக் குழுவில் ஒருவர் அப்படித்தான் வைத்திருந்தார். கேட்டேன். "மகாராஜா சார், அவருக்குக் கிடைக்காதா" என்றார்.

ஆஸ்திரேலிய கிரிக்கெட் ஆட்டக்காரர் பிராட்மன் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர் 2001 வரை இருந்தார், வந்த கடிதங்களுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் சளைக்காமல் பதில் எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தவர். அதனால் அசல் பிராட்மன் கையெழுத்து உலகத்தில் ஏராளம். "உலகத்திலேயே அபூர்வம்" என்று யாராவது பிராட்மனை விற்றால், அவர் சரக்கைப் பற்றித் தெரியாதவர் அல்லது உங்களைப் பற்றித் தெரிந்தவர்.

ஜூன் 19

தலைப்பை விட்டு ஓடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, 2011 டிசம்பர் 30-ம் தேதி "தானே" என்ற புயல் பதில் சொல்லிவிட்டது. கடலூரில் என் மச்சான் வீட்டு ஓடு மொத்தமும் போனது. அவர் பள்ளிக்கூட நாளிலிருந்து வைத்திருந்த ஆல்பம் ஒன்று விடிய விடிய நனைந்தது. பபுள்கம் கார்டு, பத்திரிகையில் வெட்டிய கபில்தேவ் படம், ஆட்டோகிராஃப் நோட்டு எல்லாம் அதில்தான். பத்திரிகைப் படத்தில் அச்சான கையெழுத்து அப்படியே நின்றது. ஆட்டோகிராஃப் நோட்டில் ஃபவுண்டன் பேனாவால் அவருடைய பி.டி. மாஸ்டர் போட்டது நீலக் குளமாகிவிட்டது. அக்கா அழுதது ஓட்டுக்கு, மச்சான் அழுதது மாஸ்டருக்கு.

யாரும் இதைச் சோதனையாகச் செய்து பார்க்க வேண்டாம்.

அதோடு ஒன்று. நம் கடலோரக் காற்றில் கார்டு வளையும், பூஞ்சை பிடிக்கும். வளைந்திருப்பதாலே போலி என்றோ, பழுத்திருப்பதாலே பழசு என்றோ முடிவு கட்டாதீர்கள். டீத்தண்ணியில் முக்கிப் பழுக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஜூன் 22

பாண்டிக்கே உரிய கேஸ் ஒன்று வந்திருக்கிறது. சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் குடும்பம். பாரிஸ் பக்கம் இருக்கும் அத்தை அனுப்பிய, பிரெஞ்சு கால்பந்து ஆட்டக்காரர் ஜிதானின் கார்டு, தங்க நிறத்தில் கையெழுத்து. "பிரான்ஸிலிருந்து வந்தது, போலியாக இருக்குமா?" என்கிறார்கள்.

அத்தை பொய் சொல்லவில்லை. அத்தைக்குக் கடைக்காரர் என்ன சொன்னார் என்பதுதான் தெரியாது. படத்தைப் பார்த்த வரை அது ஃபாயில். சூடாக்கி ஒட்டும் தங்கத் தகடு, நம் கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையாருக்குப் போடுவது. ஓரம் கத்தி போல நறுக்கென்று இருக்கும், கண்ணாடி போல மின்னும், கோட்டின் கனம் எங்கும் திட்டமாக இருக்கும். தங்க மார்க்கர் என்றால் லென்ஸில் பொடிப்பொடியாகத் தெரியும், பேனா திரும்பும் இடத்தில் திட்டு விழும்.

இதை அந்த வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார்கள். சொல்ல வேண்டாம். விற்கப் போவதில்லை என்றால் எதற்கு?

ஜூன் 23

ரப்பர் ஸ்டாம்பு கேட்டவருக்கு: மை கோட்டின் நடுவை விட ஓரத்தில் கனமாக ஒதுங்கியிருக்கும். பேனாவைப் பிடித்து இயந்திரம் போட்ட கையெழுத்து என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் பொட்டு வைத்தது போல மை, நடுவில் அழுத்தம் மாறவே மாறாது.

ஜூன் 27

ஓ.டி. தம்பிக்கு விற்பவர் கடைசியில் கிட்டப் படம் அனுப்பிவிட்டார். சியானும் மெஜந்தாவும் அடுத்தடுத்து, பாடப்புத்தகத்தில் போடலாம் போல அவ்வளவு தெளிவு. "புள்ளி தெரியுதே" என்று கேட்டதற்கு, "சச்சின் அந்த மாதிரி பேனா யூஸ் பண்ணுவார்" என்றாராம்.

வாங்கவில்லை. நல்லது. ஆனால் தம்பி இப்போது வேறு ஒரு கார்டு லிங்க் அனுப்பியிருக்கிறார், இந்த முறை தோனி.

ஜூலை 2

தோனிக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாக வேறு ஒன்று சொல்கிறேன்.

2,500 ரூபாயை வைத்துக்கொண்டு இணையத்தில் அலைவதை விட, ஐம்பது ரூபாய்க்கு நீல மார்க்கர் வாங்கிக்கொண்டு துத்திப்பட்டு மைதானத்துக்குப் போங்கள். 2023-ல் தேவ்தர் கோப்பை கிரிக்கெட் போட்டி முழுக்க புதுச்சேரியில்தான் நடந்தது. சென்னையில் கூட்டத்தில் தலைமுடி மட்டும் தெரியும் ஆட்டக்காரர்கள் இங்கே பயிற்சி முடித்துப் பையைத் தூக்கிக்கொண்டு சாதாரணமாக நடந்து போனார்கள். ரஞ்சி கோப்பை ஆட்டங்களும் வருகின்றன. இன்றைக்குப் பெயர் தெரியாத பையன் நாளைக்கு யார் என்று யாருக்குத் தெரியும்? யாராகவும் ஆகாவிட்டாலும், போட்டது யார் கை என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருக்காது.

போகும்போது வழுவழு கார்டு எடுத்துப் போனால் மை நிற்காது, முத்து முத்தாக ஒதுங்கி விரல் பட்டதும் இழுவும். முதல் நாளே கொஞ்சம் டால்கம் பவுடரைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைத்து வையுங்கள். சிடி மார்க்கர் நன்றாகவே எழுதும். நீலம் எடுங்கள், கருப்பு வேண்டாம். ஏன் என்று மேலே ஜூன் 9, 11 இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரியும். போட்டு வாங்கியதும் உறையில் நுழைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக் காய விடுங்கள்.

கையெழுத்து போடும்போது யாராவது கூட இருந்தால் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எந்தத் தங்க பார்டர் சர்டிஃபிகேட்டையும் விட அது மேல்.

ஜூலை 6

தாத்தா பெட்டியில் 1930-களின் சிகரெட் கார்டுகள் கிடைத்ததாக முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கிரிக்கெட் ஆட்டக்காரர் படங்கள், கையெழுத்து இல்லை, ரீபிரிண்டா என்று மட்டும் தெரிய வேண்டுமாம்.

அம்மா, கள்ள நோட்டு பார்க்கும் யூவி டார்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டறையில் கார்டின் பின்பக்கத்தில் அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிரும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகித ஆலைகளில் பரவலானது. 1930-களின் அட்டை மங்கலாகவே கிடக்க வேண்டும். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் பின்னால் அடித்தது. ஒளிராவிட்டால் உடனே பழசு என்று முடிவு கட்டாமல், லென்ஸில் அச்சையும் பாருங்கள். அந்தக் காலத்து கார்டின் எழுத்து ஓரம் கூர்மையாக இருக்கும். பழைய கார்டைப் படம் பிடித்து மறுபடி அடித்ததில் எழுத்தே புள்ளியாக உடைந்திருக்கும்.

டார்ச் அடிக்கும் முன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள், உறையும் ஒளிரலாம். வெள்ளை வேட்டி, துவைத்த துண்டு மேல் வைத்தும் பார்க்க வேண்டாம், சோப்புத் தூளில் அதே ரசாயனம் இருக்கிறது. கருப்புத் துணி விரித்து அதன் மேல் வையுங்கள்.